பம்பரில் அடித்த பெயின்ட் ஏன் தோலாக உரிகிறது? மென்மையான பிளாஸ்டிக்கில் பிரைமர் பிடிக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் டிங்கரிங், பெயின்டிங் ஷெட் நடத்துகிறார். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். வெளிக்கடையில் வாங்கிய கறுப்புப் பம்பர், புதுசு. நன்றாகத் தேய்த்து, தின்னரால் துடைத்து, கதவுக்கும் ஃபெண்டருக்கும் அடிக்கும் அதே டூ-கே பிரைமர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு), அதன்மேல் நிறத்துக்குப் பேஸ் கோட், பளபளப்புக்குக் கிளியர் கோட் என்று முறையாகத்தான் அடித்திருக்கிறார். டெலிவரி கொடுக்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. சில மாதம் கழித்து வாட்டர் வாஷில் ஜெட் பட்ட இடத்தில் பெயின்ட் பாலாடை மாதிரி உரிந்து வந்துவிட்டது. அதே ஸ்ப்ரே கன்னில் அதே நாளில் அடித்த ஃபெண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரைமர் பிராண்டை மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார். கூடவே, இ.வி.ஏ ஃபோம் (செருப்பு அடியில் வரும் மெத்தென்ற நுரை), ரெக்சின், ரப்பர் போன்ற மெத்தென்ற பொருள்களுக்கும் இதே வைத்தியம்தானா என்றும் கேட்டிருக்கிறார்.

பிராண்டை மாற்ற வேண்டாம். அந்தப் பிரைமரில் குறையிருந்தால் ஃபெண்டரிலும் காட்டியிருக்கும். அது இரும்புக்கும் பழைய பெயின்ட்டுக்கும் செய்யப்பட்ட பிரைமர். பம்பர் இரும்பு இல்லை. பிரைமருக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. அது என்ன, ஏன் என்று தெரிந்துகொண்டால் இனிமேல் எந்தப் பிளாஸ்டிக் ஷெட்டுக்கு வந்தாலும் நீங்களே முடிவெடுக்கலாம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், உரிந்த துண்டு கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்பக்கம் வழவழவென்று, உங்கள் பிரைமரின் சாம்பல் நிறத்திலேயே சுத்தமாக இருந்து, பம்பர் பக்கம் வெறும் கறுப்பாக இருந்தால், பிரைமர் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். தேய்த்த கோடுகள்கூட அச்சு எடுத்தது போலப் பின்பக்கத்தில் பதிந்திருக்கும். அதாவது பிரைமர் அந்தக் கீறல்களுக்குள் இறங்கியிருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. அப்படி இல்லாமல் பின்பக்கத்தில் கறுப்புத் தூளோ மெல்லிய கறுப்புப் படலமோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பிரைமர் பிடித்திருக்கிறது, பிளாஸ்டிக்கின் மேல்தோல்தான் பிய்ந்திருக்கிறது. பம்பரிலேயே பிரைமர் தங்கிவிட்டு மேலே உள்ள பேஸ் கோட் மட்டும் வந்திருந்தால் பிளாஸ்டிக் மேல் பழியே இல்லை. இரண்டு கோட்டுக்கும் இடையே நேரம் தவறியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நீங்கள் சொன்ன விதத்தைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

இன்றைய கார்களின் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன்தான். வெறும் பாலிப்ரோப்பிலீன் குளிரில் உடையும் என்பதால் எத்திலீன்-ப்ரோப்பிலீன் ரப்பரையும், விறைப்புக்காகக் கொஞ்சம் டால்க் தூளையும் கலப்பார்கள். டி.பி.ஓ என்று தொழிலில் சொல்வது இதைத்தான். இதன் மூலக்கூறுகள் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். பெயின்ட்டில் இறுகிப் படலமாகும் ரெசின் கைகோத்துக்கொள்ள அந்த மேற்பரப்பில் ஆக்சிஜனோ நைட்ரஜனோ உள்ள ஒரு தொகுதிகூடக் கிடையாது. இதை எண்ணால் சொல்வதென்றால் மேற்பரப்பு ஆற்றலை, அதாவது ஒரு பரப்பு தன்மேல் விழும் திரவத்தை எவ்வளவு இழுத்துப் பரவ விடும் என்பதைப் பார்க்க வேண்டும். பாலிப்ரோப்பிலீனுக்கு அது மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். மை பரவுகிறதா என்று பார்க்கக் கடையில் விற்கும் சோதனைப் பேனாவில் 30 டைன் என்று போட்டிருப்பதும் இதே அளவுதான். ஏ.பி.எஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக், பி.வி.சி எல்லாம் 40-ஐ ஒட்டி வரும். நைலான் இன்னும் மேலே. சிலிக்கோன் ரப்பர் 20-க்குப் பக்கம், டெஃப்லான் அதற்கும் கீழே.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆற்றல் குறைந்த பரப்பில் திரவம் பரவாது, அதனால்தான் ஒட்டாது என்று படித்துவிட்டு, பெயின்ட் நன்றாகப் பரவினால் ஒட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரின் பரப்பு இழுவிசை அதே அலகில் 72.8, அது பம்பரில் முத்து முத்தாக உருளும். ஆனால் பெயின்ட்டை இளக்கும் சால்வென்ட்டுகளான டொலுவீன், சைலீன் இரண்டுமே 30-க்குச் சற்றுக் கீழே. சால்வென்ட் பெயின்ட் பம்பரில் அழகாகப் பரவும், ஓடாது, குழி விழாது. அதனால் அடிக்கும்போது எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. பரவியது சால்வென்ட்டின் தயவில். சால்வென்ட் பறந்து ரெசின் இறுகிய பிறகு, பிளாஸ்டிக்குக்கும் பெயின்ட்டுக்கும் இடையே வேதிப் பிடிப்பும் இல்லை, ஒன்றின் சங்கிலி மற்றதற்குள் நுழைந்த பின்னலும் இல்லை. ஓரத்தில் சின்னதாக ஒரு கல் பட்டு வாய் திறந்ததும், ஜெட் தண்ணீர் அதற்குள் புகுந்து மொத்தத்தையும் தூக்கிவிடுகிறது. பரவுவது அவசியம்தான், அது மட்டும் போதாது.

"நன்றாகத் தேய்த்தேனே" என்பதற்கும் இதே பதில்தான். இரும்பில், ஃபைபரில், பழைய பெயின்ட்டில் உப்புத்தாள் நல்ல வேலை செய்யும். பாலிப்ரோப்பிலீனில் கரடுமுரடாகத் தேய்த்தால் அது தூளாக வராமல் சூட்டில் இளகி, மயிர் மயிராக எழும்பும். அந்த நார்களுக்குக் கீழே பெயின்ட் முழுதாக இறங்காது. நாரோ பிளாஸ்டிக்கில் பாதி அறுந்த நிலையில் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்ட பெயின்ட் நாரோடு சேர்ந்து வரும். பெயின்ட் அடித்த பிறகும் மயிர் மயிராகத் தெரியும், அது வேறு தலைவலி. ஆகவே புது டி.பி.ஓ பம்பருக்கு ஸ்காட்ச்-பிரைட் போன்ற நார்ப்பட்டையும் ஸ்கஃபிங் பேஸ்ட்டும் போதும். பளபளப்பு போய் ஒரே சீராக மங்க வேண்டும், அவ்வளவுதான். மூலை முடுக்கு, நம்பர் பிளேட் பள்ளம், கிரில் வளைவு ஆகிய இடங்களைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். உரிவதும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

தொடங்குவதற்கு முன் பிளாஸ்டிக் எது என்று தெரிந்தாக வேண்டும். பம்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். இரண்டு கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் அச்சாகியிருக்கும். பி.பி, அல்லது பி.பி கூட்டல் ஈ.பி.டி.எம், அதன்பின் டி.டி. 20 என்று இருந்தால் பாலிப்ரோப்பிலீன், ரப்பர், 20 சதவீத டால்க். பி.யு.ஆர் என்றால் பாலியூரிதேன். பி.சி, பி.பி.டி என்று இருந்தால் பாலிகார்பனேட் கலவை. ஏ.பி.எஸ் பெரும்பாலும் கிரில், கண்ணாடிக் கூடு போன்ற உருப்படிகளில் வரும். வெளிக்கடைப் பம்பரில் சில சமயம் எந்த முத்திரையும் இருக்காது. அப்போது உள்பக்க ஓரத்தில் 80 நம்பர் உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். இளகி மயிர் எழும்பினால் பாலிப்ரோப்பிலீன் குடும்பம். வெள்ளையாகவோ கறுப்பாகவோ உலர்ந்த தூள் கொட்டினால் ஏ.பி.எஸ், பாலியூரிதேன் குடும்பம். ஒரு சீவலை வெட்டித் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதும் பழைய வழக்கம். வெறும் பாலிப்ரோப்பிலீனின் அடர்த்தி 0.90 என்பதால் அது மிதக்கும். ஆனால் 20 சதவீதம் டால்க் சேர்ந்தால் 1-ஐத் தாண்டி மூழ்கிவிடும். மூழ்கியதை வைத்து ஏ.பி.எஸ் என்று முடிவு கட்டினால் மறுபடி அதே உரிதல்தான். மிதந்தால் நம்பலாம், மூழ்கினால் நம்ப முடியாது. நான் உப்புத்தாள் சோதனையைத்தான் நம்புவேன்.

அடுத்தது சுத்தம் செய்வது. என் கணக்கில் பாதி வேலை இதுதான். அச்சிலிருந்து பம்பர் சுலபமாகக் கழன்று வர மெழுகோ சிலிக்கோனோ தெளித்திருப்பார்கள். அது தவிர, பிளாஸ்டிக்கில் கலந்த சிறு மூலக்கூறுகள், அதாவது மெழுகு, ஸ்டியரேட், சங்கிலி குட்டையான பாலிமர் எல்லாம், நாளாக நாளாக மேலே வந்து படியும். இந்தப் பலவீனமான படலத்தின்மேல் பிரைமர் எவ்வளவு இறுகப் பிடித்தாலும், படலம் பிளாஸ்டிக்கை விட்டு வரும்போது பிரைமரும் வரும். வரிசை முக்கியம். தேய்ப்பதற்கு முன்பே சோப்புத் தண்ணீரால் கழுவி, வாக்ஸ்-கிரீஸ் ரிமூவரால் துடைக்க வேண்டும். முதலில் தேய்த்தால் மெழுகையும் சிலிக்கோனையும் கீறல்களுக்குள் அழுத்தித் திணித்த மாதிரி ஆகிவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் வராது. துடைக்கும்போது ஒரு கையில் நனைந்த துணி, இன்னொரு கையில் உலர்ந்த துணி. ரிமூவர் காய்வதற்குள் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காய விட்டால் கரைந்த மெழுகு அங்கேயே திரும்பப் படியும். ஒரே துணியை வைத்துப் பம்பர் முழுக்கத் துடைத்தால் இந்த மூலையின் அழுக்கை அந்த மூலையில் தடவுகிறோம். கடைசியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. அது தூசியை இழுக்கும் நிலைமின்சாரத்தையும் கொஞ்சம் தணிக்கும். உலர்ந்த துணியால் பரபரவென்று தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி, ஷெட்டில் உள்ள தூசி முழுக்க அதன்மேல் வந்து உட்காரும்.

துடைக்க லாக்கர் தின்னரை எடுக்காதீர்கள். பாலிப்ரோப்பிலீனை அது கரைக்காது என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள டொலுவீன் மாதிரியான சரக்கு ரப்பர் பகுதியை ஊத வைத்து உள்ளே தங்கிவிடும். மேலே பெயின்ட் இறுகிய பிறகு வெளியேறப் பார்த்துக் கொப்புளம் கிளப்பும். ஏ.பி.எஸ், பாலிகார்பனேட்டில் இன்னும் மோசம், முடி போன்ற வெடிப்புகள் விழும். ஷெட்டில் ஓவன் இருந்தால், கழுவிய புதுப் பம்பரை 60 டிகிரி செல்சியஸில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். உள்ளே இருக்கும் ஈரமும் அச்சு மெழுகும் வியர்த்து மேலே வரும். ஆறியதும் மறுபடி துடையுங்கள். பம்பர் வளையாமல் இருக்க அதன் வடிவத்துக்கேற்ற ஸ்டாண்டில் தாங்கி வைக்க வேண்டும்.

இப்போது விட்டுப்போன அந்த வேலைக்கு வருகிறேன். பிரைமருக்கு முன் பிடிப்புக்காக அடிக்கும் பூச்சு அது; அட்ஹீஷன் ப்ரமோட்டர், பிளாஸ்டிக் பிரைமர் என்று பல பெயரில் விற்பார்கள். டி.பி.ஓ-வுக்கானதில் பெரும்பாலும் குளோரினேற்றிய பாலிஓலிஃபின் இருக்கும். பாலிப்ரோப்பிலீன் சங்கிலியிலேயே எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரினை ஏற்றிச் செய்வது அது. ஒரு பக்கம் அது பம்பரின் சொந்தக்காரன், மறுபக்கம் குளோரின் இருப்பதால் பெயின்ட் ரெசினோடும் ஒத்துப்போகும். அதைச் சுமந்து வரும் சைலீன், டொலுவீன், பம்பரின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் துளிகளை ஊத வைத்து வழி திறக்கும். அந்த வழியாகச் சங்கிலிகள் உள்ளே இறங்கிப் பின்னிக்கொள்ளும். சால்வென்ட் பறந்ததும் வழி மூடிவிடும். பம்பர் பெயின்ட்டின் பிடிப்பு முழுவதும் இந்தச் சின்ன ஆழத்தில்தான் நடக்கிறது. வெறும் பாலிப்ரோப்பிலீன் டப்பாவைவிட ரப்பர் கலந்த பம்பரில் பெயின்ட் சுலபமாக நிற்பதற்கும் இதுதான் காரணம்.

இதை எப்படி அடிக்க வேண்டும் என்பதும் அது வேலை செய்யும் விதத்திலிருந்தே வருகிறது. காய்ந்த பின் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் போதும். ஒரே சீராக நனைய வேண்டும், ஓடக் கூடாது. அதுவாகவே அவ்வளவு பலமான பொருள் அல்ல. கனமாகப் போட்டால் அந்த அடுக்குக்குள்ளேயே பிளந்து வரும். பெட்ரோல் சிந்தினாலும் அது இளகும். "இன்னொரு கோட் போட்டால் இன்னும் பிடிக்கும்" என்ற நம்பிக்கை இங்கே நேர்மாறாகப் போகும். அடித்த பின் தேய்க்கவே கூடாது. அந்தச் சில மைக்ரானும் உப்புத்தாளோடு போய்விடும். டப்பாவில் எத்தனை நிமிடம் காத்து, எத்தனை நிமிடத்துக்குள் அடுத்த கோட் அடிக்கச் சொல்லியிருக்கிறதோ அதை அப்படியே கடைப்பிடியுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் நேரம் மாறும் என்பதால் நான் எண் சொல்லவில்லை. சீக்கிரம் அடித்தால் சால்வென்ட் அடியில் சிக்கும், தாமதித்தால் மேல் கோட்டோடு கலக்காது. கம்பெனியிலிருந்து பிரைமரோடு வரும் பம்பருக்கு இது தேவையில்லை. அந்தப் பிரைமரைத் தேய்த்துக் கறுப்புத் தெரிந்துவிட்ட இடங்களுக்கு மட்டும் கட்டாயம். பழுது பார்த்த பம்பரில் பட்டியின் (பள்ளம் நிரப்பும் புட்டி) ஓரம் கரைந்து பிளாஸ்டிக் தெரியும் வளையத்தை விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த வளையம் அப்படியே கோடாகத் தெரியும்.

கார் தொழிற்சாலைகளில் இதற்கு வேறு வழியும் உண்டு, தீச்சுடரால் தடவுவது. 1950-களில் பாலித்தீன் பாட்டில்களில் அச்சு நிற்க வேண்டும் என்பதற்காக வளர்ந்த முறை இது. காற்று சற்று அதிகமாகக் கலந்த நீலச் சுடரை ரோபோ கையில் பிடித்து, பம்பரின் ஓர் இடத்தில் ஒரு நொடியில் சிறு பகுதி நேரம் மட்டும் படும்படி வேகமாக ஓட்டுவார்கள். சுடரில் உள்ள ஆக்சிஜன், ஹைட்ராக்ஸில் துணுக்குகள் மேற்பரப்பில் பத்து நானோமீட்டருக்குள் ஆக்சிஜன் தொகுதிகளை நட்டுவிடும். அவ்வளவு சூடான சுடர் பட்டும் பம்பர் இளகாததற்கு அந்த வேகம்தான் காரணம்; பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கும். அரிசிப் பையும் பிஸ்கட் உறையும் அச்சடிக்கும் இடத்தில் இதே வேலையைக் கொரோனா மின்னிறக்கம், அதாவது உயர் மின்னழுத்தத்தில் காற்றில் பாயும் மின்சாரம், செய்கிறது. டென்மார்க்கின் வெர்னர் ஐஸ்பி 1951-ல் அதைக் கொண்டுவந்தார். மின்னேற்றிய வாயுவால் செய்யும் பிளாஸ்மா என்பதும் இந்த வம்சமே.

ஷெட்டில் ஹீட் கன்னை வைத்து இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. ஹீட் கன் தருவது வெறும் சூடான காற்று, சுடரில் உள்ள வினைத் துணுக்குகள் அதில் இல்லை. பிளாஸ்டிக் இளகுமே தவிர ஆக்சிஜன் ஏறாது. சமையல் கேஸ் டார்ச்சை வைத்துக் கையால் தடவிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் கூடினாலும் மேற்பரப்பின் சங்கிலிகள் துண்டாகி, நான் மேலே சொன்ன பலவீனமான படலத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். தின்னரும் ரிமூவரும் திறந்திருக்கும் ஷெட்டில் சுடரைப் பற்றவைப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். உங்கள் வேலைக்கு ப்ரமோட்டரே போதும். சுடர், கொரோனா, பிளாஸ்மா மூன்றுக்கும் ஒரு குறை உண்டு: ஆக்சிஜன் தொகுதிகள் மெல்லப் பிளாஸ்டிக்குக்குள் திரும்பிக்கொள்ளும், உள்ளிருக்கும் மெழுகு மேலே வரும், சிகிச்சை மங்கிவிடும். அதனால் சீக்கிரம் பெயின்ட் அடித்தாக வேண்டும்.

பிடிப்பு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, பெயின்ட்டுக்கு வளையத் தெரியுமா என்பது. ஒன்றரை மீட்டர் நீளப் பம்பர் காலைக் குளிரிலிருந்து நண்பகல் வெயிலில் 40 டிகிரி ஏறினால், டால்க் கலந்த டி.பி.ஓ மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை நீளும். அதே நீள இரும்பு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. கறுப்பு வண்டி சென்னை வெயிலில் நின்றால் 40 டிகிரி ஏற்றம் சாதாரணம். இதோடு பார்க்கிங்கில் இடித்து அமுங்கி மீள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபெண்டருக்குப் போடும் விறைப்பான பட்டியும் கனமான பிரைமரும் இதற்கு ஈடு கொடுக்காது. டூ-கே பிரைமரிலும் கிளியரிலும் சேர்க்க ஃப்ளெக்ஸ் அடிட்டிவ் (பெயின்ட்டை வளைய வைக்கும் சேர்க்கை) கிடைக்கும். பம்பருக்கு அதைச் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும். தாராளமாக ஊற்றினால் கிளியர் மென்மையாகவே இருந்து வாட்டர் வாஷ் பிரஷ்ஷிலேயே கீறல் விழும். பட்டியும் பிளாஸ்டிக்குக்கென்று உள்ள வளையும் பட்டிதான்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பிடித்த, ஆனால் விறைப்பான பெயின்ட் பம்பரையே உடைத்துவிடும். மேலே உள்ள கோட்டில் வெடிப்பு விழுந்தால், அது பிளாஸ்டிக்கை இறுகப் பிடித்திருப்பதால், வெடிப்பின் கூர்முனை நிற்காமல் பிளாஸ்டிக்குக்குள் ஓடும். பெயின்ட் இல்லாதபோது வளைந்து தாங்கியிருக்கும் பம்பர், பெயின்ட் இருப்பதால் கிழியும். பிடிப்பை மட்டும் கூட்டி வளைவை மறந்தால் இந்த நிலை வரும். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மற்ற மென்மையான பொருள்களுக்கு வருகிறேன். இதே வைத்தியமா என்றால், இல்லை.

ரெக்சினும் மற்ற மெத்தென்ற பி.வி.சி-யும் பாலிப்ரோப்பிலீனுக்கு நேர் எதிர். மேற்பரப்பு ஆற்றல் போதுமானது, பெயின்ட் உடனே பிடிக்கும். தொல்லை பிறகுதான் வரும். பி.வி.சி இயல்பில் விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்குவது எண்ணெய் போன்ற பிளாஸ்டிசைசர். எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அது இருக்கலாம். அது வேதிப்பிணைப்பு ஏதும் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருப்பதால் மெல்ல மேலே நகர்ந்து பெயின்ட்டுக்குள் போகும். சாதாரண எனாமல் அடித்த ரெக்சின் சீட் சில வாரத்தில் பிசுபிசுவென்று ஆகி, உட்காருபவர் துணியில் ஒட்டுவது இதனால்தான். பெயின்ட் காயவில்லை என்று நினைத்து வெயிலில் வைப்பார்கள். வெயிலில் பிளாஸ்டிசைசர் இன்னும் வேகமாக ஏறும். இதற்கு வினைல், லெதர் கோட்டிங் என்று விற்கும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, வளையும் பாலியூரிதேன் அல்லது அக்ரிலிக் வகைதான் சரி. டேஷ்போர்ட், சீட் என்றால் பாலிஷ் போட்டுப் போட்டு சிலிக்கோன் ஊறியிருக்கும். அதை எடுக்கப் பலமுறை துடைக்க வேண்டும்.

இ.வி.ஏ ஃபோமில் வினைல் அசிடேட் இருப்பதால் பாலித்தீனைவிடக் கொஞ்சம் இணக்கம். ஆனால் நுரைக்க வைக்கும்போது சேர்க்கும் ஜிங்க் ஸ்டியரேட், ஸ்டியரிக் அமிலம் மேலே பூத்து நிற்கும். முதலில் அதைத் துடைக்க வேண்டும். முகமூடி, நாடகக் கவசம் செய்பவர்கள் வெட்டிய முகத்தின் மேல் ஹீட் கன்னைச் சீராக ஓட்டித் திறந்த நுரைக் குழிகளை மூடுவார்கள். இந்த வேலைக்கு ஹீட் கன் மிகப் பொருத்தம். மூடாவிட்டால் ஃபோம் பிரைமரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் ரப்பர் போல வளையும் பிரைமரை மெல்லிய பல கோட்டாகப் போட்டு, மேலே அக்ரிலிக். மடங்கும் பொருளுக்கு விறைப்பான பிரைமர் போட்டால் முதல் மடிப்பிலேயே வெடிக்கும்.

செருப்பு, ஷூ அடிகளில் இதே சிக்கல் பெயின்ட்டுக்குப் பதில் பசையில் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் அடியை ஒட்டுமுன் தடவும் பிரைமரைப் பற்றிச் சொல்வார்கள். எஸ்.பி.ஆர் என்ற செயற்கை ரப்பருக்கு ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலத்தை எத்தில் அசிடேட் மாதிரியான சால்வென்ட்டில் கரைத்துத் தடவுவார்கள். ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளில் குளோரினும் ஆக்சிஜனும் ஏறிப் பாலியூரிதேன் பசை பிடித்துக்கொள்ளும். இரட்டைப் பிணைப்பு இருப்பதால்தான் இது நடக்கிறது. முதுகெலும்பில் அது இல்லாத ஈ.பி.டி.எம் ரப்பரில், உதாரணமாகக் கார் கதவு ஓர ரப்பரில், அதே பிரைமர் சரியாக எடுபடாது. இ.வி.ஏ அடிக்கு என்றால் தனியாக ஒரு பிரைமர் தடவி புறஊதா விளக்குக்கு அடியில் அனுப்புவார்கள்.

சிலிக்கோன் ரப்பருக்கு ஒரே வரி: சிலிக்கோனில் சிலிக்கோன்தான் நிற்கும். பிளாஸ்மா கொடுத்தாலும் உள்ளிருக்கும் குட்டைச் சங்கிலிகள் மேலே வந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிலிக்கோன் அடிப்படையிலான மை அல்லது கோட்டிங் வாங்குங்கள்.

வேலை சரியாக வந்திருக்கிறதா என்று டெலிவரிக்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டு. பம்பரின் உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், அதே தயாரிப்பு, அதே ப்ரமோட்டர், அதே கோட் எல்லாம் போட்டு ஓர் உள்ளங்கை அகலம் ஒதுக்குங்கள். முழுதாகக் காய்ந்து ஒரு வாரம் போனபின் புது பிளேடால் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு, பிளாஸ்டிக் வரை இறங்கும்படி கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ 2409 என்ற தர விதி சொல்லும் முறை இது. 60 மைக்ரான் வரையிலான கோட்டுக்கு, விறைப்பான அடித்தளம் என்றால் கோடுகளுக்கு இடையே 1 மில்லிமீட்டர், மென்மையானது என்றால் 2 மில்லிமீட்டர் என்று அதில் இருக்கிறது. கோட்டின் மொத்தக் கனம் 60-ஐத் தாண்டி 120 மைக்ரானுக்குள் இருந்தால் இரண்டுக்குமே 2 மில்லிமீட்டர். பம்பரில் பிரைமர், பேஸ், கிளியர் சேர்ந்தால் எப்படியும் அந்தக் கனம் வரும். மென்மையான பிளாஸ்டிக்கில் நெருக்கமாகக் கீறினால் பிளேடே பெயின்ட்டைத் தூக்கிவிட்டு நல்ல வேலையையும் கெட்டதாகக் காட்டும். கட்டங்களின் மூலைகூட உதிராவிட்டால் அது 0, அதுவே மிகச் சிறந்த மதிப்பெண். அமெரிக்க விதியில் இதையே 5பி என்பார்கள், அங்கே எண் கூடினால் நல்லது, குழப்பிக்கொள்ளாதீர்கள். அடித்த மறுநாளே சோதித்துத் திருப்திப்பட வேண்டாம். பம்பரைப் பொறுத்தவரை டேப்பைவிட வாட்டர் ஜெட்தான் கடுமையான தேர்வு. பெயின்ட்டில் கத்தியால் குறுக்காகக் கீறி அதன்மேல் உயர் அழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சும் சோதனைக்கே ஐ.எஸ்.ஓ 16925 என்று தனி விதி இருக்கிறது. உள்மடிப்பில் கீறி உங்கள் வாஷ் கன்னையே பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இப்போது உங்களிடம் இருக்கும் பம்பர். உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒட்டுப்போட வேண்டாம். மீதிப் பெயின்ட்டும் அதே பிடிப்பில்லாத பரப்பின்மேல்தான் நிற்கிறது. ஒட்டுப்போட்ட ஓரத்திலிருந்து அடுத்த வாஷில் கிளம்பும். ஒரு விதத்தில் உங்களுக்குச் சாதகம்தான், பிடிக்காத பெயின்ட்டை எடுப்பது சுலபம். பிளாஸ்டிக் சீவியை ஓரத்தில் நுழைத்து, கூடவே ஜெட்டைப் பிடித்தால் பெரும்பகுதி தானாக வரும். பெயின்ட் ரிமூவர் தொட வேண்டாம், அது உள்ளே ஊறும். வராமல் இறுகி நிற்கும் சில திட்டுகளை 320, பிறகு 500 நம்பரில் ஓரம் தெரியாமல் தேய்த்துக்கொள்ளுங்கள். பிறகு சோப்பு, ரிமூவர், நார்ப்பட்டை, மறுபடி ரிமூவர், ஆல்கஹால், மெல்லிய ஒரு கோட் ப்ரமோட்டர், டப்பாவில் சொன்ன இடைவெளி, ஃப்ளெக்ஸ் சேர்த்த பிரைமர், பேஸ், ஃப்ளெக்ஸ் சேர்த்த கிளியர். மழைக்காலம் என்றால் பம்பரை ஏ.சி அறையிலிருந்தோ குளிர்ந்த தரையிலிருந்தோ எடுத்து உடனே அடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அடிக்கும் பையன்களுக்கு ஒழுங்கான கார்பன் ஃபில்டர் மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். டூ-கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு சிறிதளவே பட்டாலும் மூச்சு திணறும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. காற்றோட்டம் குறைந்த ஷெட் என்றால் வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க்தான் பாதுகாப்பு.